பெயருக்குக் கீழே ஒரு வரி!

உங்கள் வீட்டில் காலேஜில் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இதைப் படியுங்கள். படித்துவிட்டுப் பிள்ளையிடமும் கொடுங்கள்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட வேண்டும். முன்பெல்லாம் எப்படித் தேடினார்கள்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். பத்திரிகையில் "ஆட்கள் தேவை" விளம்பரம் பார்த்து மனுப் போட்டார்கள். தெரிந்த பெரிய மனிதர் யாராவது இருந்தால், அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெரிய மனிதரைத் தெரியாதவர்கள் என்ன செய்வது? அவர்கள் பாடு திண்டாட்டம்தான். தறி ஓட்டுகிறவர் மகளுக்கும், மூட்டை தூக்குகிறவர் மகனுக்கும் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்? அந்தக் குடும்பத்தில் முதன் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்ததே அந்தப் பிள்ளைதான்!

அப்படிப்பட்ட பிள்ளைகளும் நுழையக்கூடிய ஒரு வாசல் இப்போது செல்போனிலேயே இருக்கிறது. அதன் பெயர் "லிங்க்ட்இன்".

அது என்ன?

பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லோருக்கும் தெரியும். அவை திருவிழாக் கூட்டம் மாதிரி. சொந்தக்காரரைப் பார்க்கலாம், கதை பேசலாம், வேடிக்கை பார்க்கலாம். லிங்க்ட்இன் அப்படி அல்ல. அது சந்தை மாதிரி. வேலை கொடுக்கிறவர் வருவார். வேலை தேடுகிறவரும் வருவார். படிப்பு, தொழில், அனுபவம் இவற்றைப் பற்றித்தான் அங்கே பேச்சு.

அமெரிக்காவில் ரீட் ஹாப்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2002-ம் ஆண்டு டிசம்பரில் இதைத் தொடங்கினார்கள். 2003-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி பொதுமக்களுக்குத் திறந்து விட்டார்கள். 2016-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. என்ன விலை தெரியுமா? 2 ஆயிரத்து 620 கோடி டாலர்!

உலகம் முழுவதும் 100 கோடிக்கு மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்து விட்டதாக 2023-ல் அறிவிப்பு வந்தது. கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். 16 வயது ஆகியிருந்தால் போதும்.

சரி, 100 கோடிப் பேர் நிற்கிற கூட்டத்தில் உங்கள் பிள்ளை யார் கண்ணில் படப் போகிறது?

அந்த ஒரு வரி

ஆள் தேடும் முதலாளி அல்லது மானேஜர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தனக்கு வேண்டிய வேலையைக் குறிக்கும் சொல்லைத் தட்டுகிறார். உடனே பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு சின்னப் போட்டோ. பக்கத்தில் பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி. அதற்கும் கீழே ஊர்.

முதலில் தெரிவது இவ்வளவுதான். வாங்கிய மார்க்கு, பெற்ற பரிசு, செய்த பிராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பெயரைத் தொட்டுத் திறந்தால்தான் அவை தெரியும். திறந்து பார்ப்பதா, அடுத்த ஆளிடம் போவதா? அதை முடிவு செய்ய அவர் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்!

அந்த வரிக்கு "ஹெட்லைன்" என்று பெயர். பத்திரிகையில் செய்திக்கு மேலே தலைப்பு இருக்கும். இங்கே பெயருக்குக் கீழே இருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்த வரி பிள்ளையின் கூடவே நடக்கும். யாருக்காவது "உங்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று அழைப்பு அனுப்பினால், பெயரோடு இந்த வரியும் போகும். யாரோ எழுதியதற்குக் கீழே கருத்து எழுதினால், அங்கேயும் இந்த வரி வந்து நிற்கும்.

இவ்வளவு முக்கியமான வரியை மாணவர்கள் பலர் எழுதுவதே இல்லை! கணக்குத் தொடங்கும்போது காலேஜ் பெயரைக் கேட்பார்கள். அதைக் கொடுத்ததும், "இன்ன காலேஜ் மாணவர்" என்று அதுவே ஒரு வரியைப் போட்டுவிடும். அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலேஜில் படிக்கும் அத்தனை பேருக்கும் அதே வரி! யூனிபாரம் போட்ட மாதிரி.

தந்தி அடித்தது போல

இந்த வரியில் 220 எழுத்துக்கு மேல் எழுத முடியாது. இரண்டு சொற்களுக்கு நடுவே விடும் இடமும் கணக்கில் சேரும். முன்பு 120 எழுத்துதான் இருந்தது. பிறகு கூட்டினார்கள்.

பெரியவர்களுக்குத் தந்தி அடித்த காலம் நினைவிருக்கும். நம் நாட்டில் 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு தந்தி சேவை நின்று போயிற்று. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். அதனால் தந்தி அடிக்கிறவர் வேண்டாத சொல்லை எல்லாம் வெட்டிவிடுவார். "அம்மா கவலைக்கிடம், உடனே வா" என்றால் விஷயம் முடிந்தது.

ஹெட்லைனுக்குக் காசு இல்லை. ஆனாலும் தந்தி அடிக்கிறவரின் கை வேண்டும்.

ஒரு பெண்ணின் கணக்கு

ஓர் உதாரணம் சொல்கிறோம். கோவை ஜில்லா சோமனூரில் ஒரு விசைத்தறித் தொழிலாளி. அவருடைய மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் அவளுடைய பக்கத்தை அப்பா பார்க்கிறார்.

"பேருக்குக் கீழ என்ன கண்ணு போட்டிருக்குது?"

"பி.காம். மாணவின்னு போட்டிருக்குங்கப்பா."

"உங்க கிளாசுல இருக்கிறவங்க எல்லாருமே பி.காம். மாணவிதானே? உனக்கு என்ன வேலை தெரியும்னு போடலியா?"

அப்பா ஐந்தாம் வகுப்பு படித்தவர்தான். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி!

பெண் யோசித்தாள். அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: "கடின உழைப்பாளி. எதையும் கற்கும் ஆர்வம் உள்ளவள். வாழ்க்கையில் சாதிக்கத் துடிப்பவள்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த முதலாளியாவது "துடிப்பவள்" என்று தட்டி ஆள் தேடுவாரா? "டேலி தெரிந்த ஆள் வேண்டும்" என்று தேடுவார். "அக்கவுண்ட்ஸ்" என்று தேடுவார். தேடுகிறவர் வாயில் வரும் சொல் எதுவோ, அந்தச் சொல் வரியில் இருக்க வேண்டும். போதாததற்கு, "உழைப்பாளி" என்று சோம்பேறியும் எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன தெரியும்? டேலியில் கணக்கு எழுதத் தெரியும். எக்செல் தெரியும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடப் பயிற்சி எடுத்திருக்கிறாள். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது முதல், அதில் பதிவு செய்த வியாபாரிகள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. அதுவும் ஜவுளி நடக்கிற ஊர்ப்பக்கம் கேட்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. இரண்டு வருஷமாக லீவு நாட்களில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டிருக்கிறாள். "அது எல்லாம் ஒரு வேலையா?" என்று அதை விட்டுவிடப் பார்த்தாள். விடக்கூடாது! புத்தகத்தில் மட்டும் படித்தவளுக்கும், கடைக் கூட்டத்தில் நின்று பில் போட்டவளுக்கும் உள்ள வித்தியாசம் முதலாளிக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினாள்:

"பி.காம். மூன்றாம் ஆண்டு | டேலி, எக்செல், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பயிற்சி | ஜவுளிக் கடையில் பில் போட்ட அனுபவம் | கோவை, திருப்பூரில் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுகிறேன்."

நடுவே நெட்டாகப் போட்டிருக்கும் கோடு, ஒரு விஷயத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பதற்கு. பலரும் இப்படிப் போடுகிறார்கள். கமா போட்டாலும் குற்றமில்லை.

இதில் ஒரு சின்னக் குறை இருக்கிறது. செல்போன் திரையில் சில இடங்களில் வரி முழுவதும் தெரியாது. வால் அறுந்து போகும். அதனால் முக்கியமானது முன்னால் வர வேண்டும். "மூன்றாம் ஆண்டு" என்பதா முக்கியம்? டேலியும் ஜி.எஸ்.டி.யும்தான் முக்கியம். ஆகவே, மாற்றிப் போட்டாள்:

"அக்கவுண்ட்ஸ், டேலி, ஜி.எஸ்.டி. பயிற்சி பெற்ற பி.காம். இறுதியாண்டு மாணவி | ஜவுளிக் கடையில் பில் போட்ட அனுபவம் | மே மாதம் முதல் கோவை, திருப்பூரில் வேலைக்குத் தயார்."

இப்போது அப்பாவுக்கும் புரிகிறது. கம்பெனி மானேஜருக்கும் புரிகிறது.

"மாணவி" என்ற சொல்லை எடுத்தே விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். மாணவி என்று தெரிந்தால் பயிற்சி வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் தனியாக நிற்கக்கூடாது. அவ்வளவுதான்.

இங்கே படிப்பதற்காகத் தமிழில் காட்டினோம். தேடுகிற கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லைத்தான் தட்டுகிறார்கள். ஆகவே வரியை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. எழுதியதும் ஆங்கில வாத்தியாரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். முதல் வரியிலேயே எழுத்துப்பிழை இருந்தால், கணக்கிலும் பிழை விடுவாள் என்று நினைக்க இடம் உண்டு.

"சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்குமே!" என்று பையன்கள் சொல்வார்கள். கொடுக்கும். ஆனால் சும்மா கேட்டால், அந்த "ஆர்வம் உள்ளவள், துடிப்பவள்" சமாசாரத்தைத்தான் இன்னும் அலங்காரமாகக் கொடுக்கும். ஜவுளிக் கடையில் பில் போட்டது அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தானே!

எனக்கு ஒன்றும் தெரியாதே!

முதலாண்டு மாணவர்கள் இப்படிச் சொல்வார்கள். அவர்கள் எந்தப் பக்கம் போக விரும்புகிறார்களோ அதை எழுதலாம். "சிவில் என்ஜினீயரிங் முதலாண்டு, சர்வேயில் ஆர்வம், ஆட்டோகேட் கற்று வருகிறேன்" என்றால் போதும். "கற்று வருகிறேன்" என்பது கௌரவக் குறைவான சொல் அல்ல.

ஐ.டி.ஐ. படித்தவர் "பிட்டர்" என்றோ "வெல்டர்" என்றோ தொழிலைத் தெளிவாகப் போட வேண்டும். லேத்தில் கை பழகியிருந்தால் அதையும் போட வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் பயிற்சி எடுத்தவர்கள் திட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அதில் என்ன கற்றார்களோ, அந்தப் பாடத்தின் பெயரை எழுத வேண்டும்.

அப்பா கடையில் கல்லாவில் உட்கார்ந்ததும் அனுபவம்தான். கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுத்ததும் அனுபவம்தான்.

புளுகு வேண்டாம்

ஆறு வாரம் படித்துவிட்டு "நிபுணர்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று சிநேகிதர்கள் சேர்ந்து ஒரு பெயர் வைத்துவிட்டு, "சேர்மன்" என்று போட்டுக்கொள்ளும் வாலிபர்களும் இருக்கிறார்கள். பார்க்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

நம் சோமனூர்ப் பெண்ணும் "அக்கவுண்டன்ட்" என்று போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். போட்டால் என்ன ஆகும்? இன்டர்வியூவில் "எத்தனை வருஷம் பேலன்ஸ் ஷீட் போட்டீர்கள்?" என்று கேட்பார்கள். அங்கே விழிக்க வேண்டும். "பில் போட்டேன்" என்று எழுதினால், பில்லைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு அவளிடம் ஆயிரம் பதில் உண்டு.

மாற்றுவது எப்படி?

லிங்க்ட்இன்னில் தன் பக்கத்தைத் திறந்தால், பெயருக்கு அருகே ஒரு பென்சில் படம் இருக்கும். அதைத் தொட வேண்டும். ஹெட்லைன் என்ற கட்டம் வரும். பழையதை அழித்துப் புதியதை எழுதி, சேமித்துவிட வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. புதிதாகக் கற்றது சேரும். பழையது கழியும்.

"வேலைக்குத் தயார்" என்று தெரிவிக்க "ஓபன் டு ஒர்க்" என்று தனி வசதியும் இருக்கிறது. ஆகவே "வேலை வேண்டும், வேலை வேண்டும்" என்று வரி முழுவதையும் அதற்கே செலவழிக்க வேண்டியதில்லை. என்ன வேலை, எந்த ஊர் என்பதைச் சொன்னால் போதும்.

நல்ல வரி எழுதிவிட்டால் மறுநாளே வேலை வந்துவிடாது. வரி, பெயரைத் திறக்க வைக்கும். உள்ளே படிப்பும் அனுபவமும் சரியாக எழுதியிருக்க வேண்டும். அதன் பிறகு இன்டர்வியூ இருக்கிறது. ஆனால் திறக்காத பெயருக்கு இன்டர்வியூ ஏது?

பெற்றோர் கவனத்துக்கு

பெண் பிள்ளையின் விவரத்தை ஊரார் பார்க்கும்படி வைக்கலாமா என்று தாய்மார்கள் பயப்படுவது நியாயமே. ஹெட்லைனில் செல்போன் நம்பர் போடக்கூடாது. வீட்டு விலாசமும் போடக்கூடாது. ஊர் பெயர் போதும். வேலை கொடுக்கிறவர் லிங்க்ட்இன் மூலமாகவே கடிதம் அனுப்ப முடியும்.

மோசடிக்காரர்களும் அங்கே உலாவுகிறார்கள். "வேலை உறுதி. பதிவுக் கட்டணம் கட்டுங்கள். பயிற்சிக் கட்டணம் அனுப்புங்கள்" என்று கடிதம் வந்தால், பத்து ரூபாய் கூட அனுப்பக்கூடாது. கம்பெனி பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, அந்தக் கம்பெனியின் சொந்த விலாசத்தில் விசாரிக்க வேண்டும். ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு மூடி மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். இந்தியா முழுவதற்கும் உள்ள சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.