கொடுக்கப் பழகும் சின்னக் கைகள்

தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்துக்கு வேன்கள் வரத் தொடங்கிவிடும். பட்டணத்து நல்ல மனிதர்கள் அரிசி, எண்ணெய், மாவு, புத்தாடை என்று கொண்டுவந்து இறக்குவார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கொரு பை கிடைக்கும். படம் எடுத்துக்கொள்வார்கள். கொடுப்பவர்களின் மனம் பெரிது. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால், பெற்றோர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் வாங்கும் வரிசையிலேயே நின்று வளரும் பிள்ளைக்கு, 'கொடுப்பது வேறு யாரோ செய்யும் காரியம்; நாம் வாங்கப் பிறந்தவர்கள்' என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிடாதா?

அந்த எண்ணத்தை மாற்றப் பணம் வேண்டியதில்லை. பிள்ளையின் பத்து விரல்கள் போதும். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

வெறுந்தட்டு திரும்பாத வீடுகள்

கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. லயத்தில் ஒரு வீட்டில் முறுக்கு சுட்டால் பத்து வீட்டுக்குத் தட்டுப் போகும். வாங்கிய வீட்டார் அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பதிலுக்குப் பலகாரம் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். தட்டைச் சுமந்து ஓடியவர்கள் யார்? பிள்ளைகள்தாம். யாரும் பாடம் நடத்தாமலே அவர்கள் கொடுக்கவும் வாங்கவும் கற்றுக்கொண்டார்கள்.

நம் நெகிரி செம்பிலானில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போர்ட்டிக்சனுக்கும் குடிபெயர்ந்தன. அடுக்குமாடியில் கதவுகள் மூடியே இருக்கின்றன. தட்டுச் சுமக்கும் வேலை பிள்ளைகளிடமிருந்து போய்விட்டது. அதற்கு ஈடாக ஒன்றை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பிறவியிலேயே உண்டு

"சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கத் தெரியுமா? கையில் உள்ளதைப் பிடுங்கினால் அழும்" என்பீர்கள். பிடுங்கினால் அழும், தானாகக் கொடுத்தால் சிரிக்கும். கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, அதை ஒரு பொம்மைக்கும் கொடுக்கச் செய்தார்கள். தான் வாங்கியபோது மலர்ந்ததைவிடக் கொடுத்தபோது குழந்தையின் முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும், பிறர் எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்தில் இருந்த சொந்தப் பண்டத்தைக் கொடுத்தபோதுதான் மகிழ்ச்சி மிகுந்தது.

ஆகவே கொடுக்கும் இன்பத்தை நாம் பிள்ளைக்குப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. கொடுப்பதற்குத் தனக்கென்று ஒன்று அதனிடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

கடைப் பரிசு யாருடைய பரிசு?

அப்பா 20 வெள்ளி கொடுத்துக் கடையில் வாங்கிய பரிசை மகன் கொண்டுபோய்க் கொடுத்தால், அது அப்பாவின் பரிசு. மகன் அதைத் தூக்கிச் சென்றவன் மட்டுமே. அவனே வெட்டி, ஒட்டி, பின்னிச் செய்தது கோணலாக இருந்தாலும் அது அவனுடைய சொத்து.

மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம். 1956இல் அதே நாளில் ரசாக் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டதன் நினைவாக அந்நாள் கொண்டாடப்படுகிறது. ஒரு முறை அன்று என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் வரவில்லை. விசாரித்தால் ஒருவனுக்கும் காய்ச்சல் இல்லை. கையில் பரிசு இல்லாததுதான் நோய். அடுத்த ஆண்டு முதல் கடைப் பரிசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் நாளே வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்தோம். எனக்கு அல்ல, பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் காவலருக்கும். மறுநாள் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும் விடுபடவில்லை.

ஏழைக்கு மட்டுந்தான் கைவினைப் பரிசு என்று எண்ணாதீர்கள். 1947 நவம்பரில் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்துக்குத் திருமணம். உலகெங்குமிருந்து விலையுயர்ந்த பரிசுகள் குவிந்தன. உடைமைகளைத் துறந்திருந்த காந்தியடிகள், தம் கையால் நூற்ற நூலில் பின்னிய ஒரு துணியை மவுண்ட்பேட்டன் மூலம் அனுப்பினார். கைத்தொழில் வழியாகவே கல்வி வேண்டும் என்று 1937இல் வார்தா மாநாட்டில் வற்புறுத்தியவரும் அவரே.

தோட்டத்தில் இல்லாத பொருளா?

நான்கைந்து வயதில்: பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி வாழ்த்து அட்டை செய்யலாம். கோதுமை மாவுப் பசை போதும். சோற்றுப் பருக்கைகூட ஒட்டும். பூவும் இலையும் புத்தகத்தில் வைத்து உலர்த்தி ஒட்டினால் அழகு.

ஆறேழு வயதில்: தென்னங்குருத்தில் காற்றாடி, பாம்பு, கிளி. பக்கத்து மலாய்க்கார மக்சிக்கைக் கேட்டால் கெத்துப்பாட் கூடு பின்னக் கற்றுத்தருவார். நோன்புப் பெருநாளுக்கு முன் பிள்ளை பத்துக் கூடு பின்னி அவருக்கே கொடுக்கட்டும்; அந்த வீட்டில் அது உண்மையாகவே பயன்படும். பால் டின்னில் துளையிட்டு, விளிம்பைத் தட்டி மழுக்கிக் கொடுங்கள். அதில் பிள்ளை ஒரு கற்பூரவல்லிக் கிளையை நட்டுத் தண்ணீர் ஊற்றினால், இருமும் பாட்டிக்கு நல்ல பரிசு.

எட்டொன்பது வயதில்: பழைய சேலையை நான்காக மடித்துத் தைத்தால் சூடான சட்டியைப் பிடிக்கும் துணி ஆகும். செம்பனை ஓலையின் ஈர்க்கைச் சீவிக் கட்டினால் விளக்குமாறு. மட்டையில் முள் இருப்பதால் ஓலையைப் பெரியவர்களே நறுக்கித் தர வேண்டும்.

ரப்பர் கொட்டையை அட்டையில் வரிசையாக ஒட்டினால் பளபளப்பான சட்டம் கிடைக்கும். ஆனால் பச்சைக் கொட்டையின் பருப்பில் நச்சு உண்டு. எதையும் வாயில் வைக்கும் சின்னஞ்சிறுசுகளிடம் அதைத் தராதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது?

தெரிந்தவருக்கு, கண் முன்னால் இருப்பவருக்கு. பிள்ளைகள் பட்டணம் போன பிறகு லயத்தில் தனியே இருக்கும் தாத்தா. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். குடும்பத்தைக் கடல் கடந்து விட்டு வந்து நம் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளி. செய்யத் தொடங்குமுன் பிள்ளையைக் கேளுங்கள்: "அவருக்கு என்ன பிடிக்கும்? அவருக்கு எது இல்லை?" இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் பிள்ளை தன்னை மறந்து இன்னொருவரை நினைக்கிறது. கத்தரிக்கோலையும் பசையையும்விட இதுவே முக்கியம்.

நான்கு எச்சரிக்கைகள்

ஒன்று: நீங்கள் செய்துவிடாதீர்கள். அழகாக இல்லை என்று திருத்தினால் பரிசு உங்களுடையதாகிவிடும்.

இரண்டு: கூலி கொடுக்காதீர்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் தொமாசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள் பின்னர் உதவுவது குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். "தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு வா, மிட்டாய் தருகிறேன்" என்பது நல்ல பாலில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

மூன்று: பிள்ளையே தன் கையால் கொடுக்கட்டும். வாங்குபவரின் முகத்தை அது பார்க்க வேண்டும். அந்த முகம்தான் அதற்குச் சம்பளம். படம் எடுக்க அவசரப்படாதீர்கள்.

நான்கு: உங்களுக்குக் கொடுத்தால் பத்திரமாக வையுங்கள். மறுநாள் குப்பைக் கூடையில் தன் அட்டையைக் கண்ட பிள்ளை அடுத்த ஆண்டு செய்யாது. சுவரில் ஓர் ஆணி போதும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்தில் கொடுத்துப் பழகிய கை, நாளை உதவி வாங்க நேர்ந்தாலும் கூனிக் குறுகாது. தனக்கும் கொடுக்கத் தெரியும் என்று அதற்குத் தெரியும். இந்தத் தீபாவளிக்கு வேன் வரும்போது, அரிசிப் பையை வாங்கிக்கொள்ளும் உங்கள் பிள்ளை, தான் செய்த அட்டை ஒன்றை அந்த அண்ணன் அக்காமார் கையில் கொடுக்கட்டும். தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. அது நம் லயத்து வழக்கம்.