உங்களுக்குத் தெரியுமா? அளவான அலமாரி!

● 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் காந்தி சட்டையையும் தொப்பியையும் துறந்து, முழங்கால் அளவு கதர்த்துணிக்கு மாறினார். ‘கதர் வாங்க எங்களுக்குக் காசில்லை’ என்ற ஏழைகளின் குரலே அதற்குக் காரணம். அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பது என்றே முதலில் அறிவித்தார். ஆயுள் முழுக்க அதுவே அவர் உடையாகிவிட்டது. 1931இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்திக்கவும் அதே எளிய கோலத்தில்தான் போனார்.

● ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் பொருந்தும் சில உடைகளே போதும் என்பது ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ முறை. 1970களில் லண்டன் துணிக்கடைக்காரர் சூசி ஃபோ இதைப் பரப்பினார். 1985இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழே உருப்படிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்.

● பயன்படுத்திய துணிகளைத் திரட்டி ஏழைகளுக்கு வழங்க, டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பின் முதல் மூலதனம், சொந்த அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகள்!

● எதைக் கொடுப்பது என்று குழப்பமா? எல்லா ஹேங்கர்களையும் திருப்பி மாட்டுங்கள். உடுத்திய துணியை மட்டும் நேராக மாட்டுங்கள். ஆறு மாதம் கழித்தும் திரும்பியே இருப்பவை, வேறொருவருக்குப் பயன்பட வேண்டியவை.

● துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். வாங்குபவரின் மரியாதையும் அந்தத் துணியில் இருக்கிறது.