தண்ணீரின் பெயர்கள்: நாவல் மரத்தடிச் சுனை

ஜெகதாப்பட்டினத்துக் கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கிழக்கே பாக் நீரிணை. கரையில் விசைப்படகுகள். மற்றப் பக்கமெல்லாம் உப்பேறிய தரை, கருவேலங்காடு, மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வெடிக்கும் கண்மாய்கள். கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் என்று இந்தக் கடலோரத்து ஊர்கள் வரிசையாகப் ‘பட்டினம்’ போட்டுக்கொள்கின்றன. கடலைப் பார்த்துப் பிழைத்த ஊர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கில் நிலம் அடியோடு வேறு. அங்கே மண்ணைத் துளைத்துக்கொண்டு மொட்டைப் பாறைகள் எழும்பி நிற்கின்றன. இரண்டையும் ஒரே மாவட்டமாகக் கட்டியது 1974 ஜனவரி 14. கடலோரப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்தது. பாறை நாடோ 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். இந்தியாவுடன் இணைந்த பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது.

இந்த மாவட்டத்தில் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்மாய், ஏரி, ஏந்தல், ஊருணி எல்லாமே மனிதன் கரை போட்டோ, குழி வெட்டியோ தேக்கிய தண்ணீர். யாரும் வெட்டாமல், யாரும் கரை கட்டாமல், தானாக நிற்கும் தண்ணீரைத் தேடினால் பாறை மேல்தான் ஏற வேண்டும். அதுதான் சுனை.

சுனை உருவாகும் விதம் எளிது. ஆனால் அதற்கு எடுக்கும் காலம் பெரிது. கடினப் பாறை வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குகிறது. மேல்தோல் தகடு தகடாக உரிகிறது. விரிசலும் வலுக்குறைந்த இடமும் மழைநீரால் மெல்ல அரிக்கப்பட்டுப் பள்ளமாகின்றன. பள்ளத்தில் தேங்கும் நீர் பாறையை மேலும் அரிக்கிறது. அடியில் கல் இருப்பதால் நீர் கீழே வடிந்துபோக வழியில்லை. இருபுறமும் பாறை நிழல் விழுந்தால் கோடையிலும் நீர் தாங்கும்.

புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் சித்தன்னவாசலில் அப்படி ஒரு சுனை உண்டு. பெயர் நவச்சுனை. ஓவியம் பார்க்க வருகிறவர்களில் அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அதன் ஓரத்து நாவல் மரம்தான் பெயருக்குக் காரணம்: நாவல் சுனை என்பது பேச்சில் தேய்ந்து நவச்சுனை ஆயிற்று. நீருக்குள் ஒரு சிறு குடைவரை, அதற்குள் ஒரு லிங்கம். அந்த இறைவனுக்கு ஜம்புநாதர் என்று பெயர். ‘ஜம்பு’வும் நாவல்தான். தமிழில் சுனையின் பெயராக நிற்கும் மரம், வடமொழியில் சாமியின் பெயராகத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது.

இது தற்செயலாக அமைந்த இணைப்பாகத் தெரியவில்லை. வடக்கே, காவிரிக்கரைத் திருவானைக்காவலிலும் தலமரம் வெண்ணாவல், இறைவன் ஜம்புகேசுவரர், ஐம்பூதத் தலங்களில் அது நீருக்கு உரியது. அங்கே லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறும். நாவல், நீர், லிங்கம் என்ற அதே சேர்க்கையைச் சித்தன்னவாசல் மலையிலும் கண்ட யாரோதான் அந்தப் பெயரை இங்கே இட்டிருக்க வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் இதுபோல ஒரு தேய்மானம் உண்டு. அந்த ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததைச் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வருவது ‘அண்ணல்வாயில்’. பக்கத்து ஊர் இன்றும் அன்னவாசல்தான். அதன் சிறிய பங்காளியான ‘சிற்றண்ணல்வாயில்’ சித்தன்னவாசல் ஆனது என்பது பொருந்தி வருகிற விளக்கம்.

மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகையில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தமிழ் பிராமி எழுத்துள்ள படுக்கை கி.மு. காலத்தது. ஊருக்கு ஒதுங்கி, பாறைக்குகையில் தவமிருந்த சமணத் துறவிகளுக்கு மலையிலேயே கிடைத்த நீர் எத்தனை பெரிய ஆதாரம்! குகையைத் தேர்ந்தவர்கள் முதலில் சுனையைத்தான் பார்த்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

அறிவர் கோயில் விதானத்திலும் ஒரு நீர்நிலை இருக்கிறது. தாமரைக் குளம், அதில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூவர். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் மண்டபமாகச் சமணர் சொல்லும் சமவசரணத்தின் நீர்நிலைப் பகுதியான காதிகா பூமி அது என்பது அறிஞர் கருத்து. சமயம் எதுவானாலும், சேற்றில் இறங்கிய எருமையைக் கண்ணால் கண்டறியாத ஓவியன் அதை அப்படித் தீட்டியிருக்க முடியாது.

சில கிலோமீட்டர் வடக்கே நார்த்தாமலை. அங்கே மேலமலையிலும் ஒரு சுனை. அதன் நீருக்கடியிலும் ஒரு குடைவரை லிங்கம். அவர் பெயர் ஜுரஹரேசுவரர், காய்ச்சலைப் போக்குகிறவர். 1857-இல் ராமச்சந்திர தொண்டைமானின் மூத்த ராணி அந்தச் சுனையை இறைக்கச் செய்து, வெளிப்பட்ட லிங்கத்தை வழிபட்டார். அந்தச் செய்தி பக்கத்துப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இறைத்த சுனையை மறு மழை நிரப்பிவிடும்; கல்லில் எழுதியதால் அந்த நாள் நமக்குத் தெரிகிறது.

நவச்சுனைக்கு இப்படி ஆண்டு குறித்த சாட்சி இல்லை. மரம்தான் சாட்சி. ‘நவ’ என்று எழுதிப் பழகினால், ஒன்பது சுனைகள் எங்கே என்று தேடும் ஆட்கள் வருவார்கள். வழிகாட்டிப் பலகையில் நாவற்சுனை என்று திருத்தி எழுதுவதும், மரம் பட்டுப்போனால் அதே இடத்தில் ஒரு நாவல் கன்று வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

அடுத்த வாரம், மலையிலிருந்து இறங்கித் தென்வெள்ளாற்றின் கரை வழியே மணமேல்குடிக் கடல் வரை.