மூக்குப் பழகிவிட்டால் காற்று சுத்தமாகிவிடுமா?

ஒட்டுப்பால் கிடங்கைக் கடந்து போகும் பேருந்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதே கிடங்கில் நாள் முழுவதும் வேலை செய்பவர் பொத்திக்கொள்வதில்லை. செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களைக் கேட்டால், வாடை ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூக்கின் இயல்பே அதுதான். ஒரே வாடை தொடர்ந்து வந்தால், சில நிமிடங்களில் மூக்கும் மூளையும் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். புதிதாக வரும் வாடையைக் கவனிப்பதற்காக உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆனால் வாடை தெரியாமல் போவது வேறு, காற்று சுத்தமாவது வேறு. மூக்கு ஓய்ந்த பிறகும் நுரையீரல் அதே காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பழகிப்போன ஒன்றை மக்களுக்கு எப்படி மீண்டும் உணர்த்துவது? அரசாங்கங்கள் எண்களைக் கொடுக்கின்றன. மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். சில கலைஞர்கள் வேறு வழியைப் பிடித்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகும் ஓவியமாக இல்லாமல், முகர்ந்தும் தொட்டும் கேட்டும் அறியும் கலைப்படைப்புகளைப் பொது இடங்களில் வைக்கிறார்கள்.

ஐந்து கூடாரங்கள், ஐந்து நகரங்கள்

இவற்றில் அதிகம் பேசப்பட்டது, பிரிட்டிஷ் கலைஞர் மைக்கேல் பின்ஸ்கி உருவாக்கிய 'பொலூஷன் பாட்ஸ்'. 2017ஆம் ஆண்டு நோர்வேயின் திரொண்ட்ஹைம் நகரில் இது முதன்முதலில் அமைக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் லண்டனிலும், 2019இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் பருவநிலை மாநாட்டை ஒட்டியும் மக்கள் பார்வைக்கு வந்தது.

வட்டமாக நிறுத்தப்பட்ட ஐந்து அரைக்கோளக் கூடாரங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் சிறு நடைபாதைகள். அமைப்பு அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கூடாரத்திலும் ஓர் ஊரின் காற்று இருந்தது. ஒன்று நோர்வேயின் தௌத்ரா. கடலோரச் சுத்தக் காற்று. மற்ற நான்கும் லண்டன், புதுடில்லி, சாவோ பாவ்லோ, பெய்ஜிங்.

லண்டன் கூடாரத்தில் டீசல் வாடை அடித்தது. புதுடில்லியில் புகை அடர்ந்து கண்ணை மறைத்தது. சாவோ பாவ்லோ கூடாரம் பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நின்ற சிறிது நேரத்தில் கண்ணில் நீர் வரும். அந்த நகரில் வாகனங்களுக்கு எத்தனால் எரிபொருள் அதிகம் பயன்படுவதைக் காட்டும் ஏற்பாடு அது. கூடாரத்துக்குக் கூடாரம் வெப்பமும் ஈரமும்கூட மாறின.

உள்ளே நிரப்பியது உண்மையான நச்சுக் காற்று அல்ல. தீங்கு செய்யாத பொருள்களைக் கொண்டு வாடையையும் புகைமூட்டத்தையும் அப்படியே போலச் செய்திருந்தார்கள். வந்தவர்கள் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடலாம். அந்த நகரங்களில் வாழ்பவர்களுக்கு அந்த வசதி இல்லை என்பதுதான் படைப்பு சொல்லும் செய்தி.

இங்கே மூக்குக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுத்தக் காற்றிலிருந்து நான்கு எட்டு வைத்தால் டீசல், இன்னும் நான்கு எட்டு வைத்தால் புகை. ஆண்டுக்கணக்கில் ஓய்ந்து கிடந்த மூக்கு, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கிடைத்ததும் விழித்துக்கொள்கிறது.

இதே நோக்கத்தோடு, தொடுகையையும் செவியையும் நம்பிய படைப்பும் உண்டு. ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்தில் உடைந்து கடலில் மிதந்த பனிக்கட்டிகளை நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2014இல் கோபன்ஹேகன், 2015இல் பாரிஸ், 2018இல் லண்டன். மக்கள் அவற்றைத் தொட்டார்கள், காதை வைத்து, உள்ளே அடைபட்டிருந்த பழங்காலக் காற்றுக் குமிழிகள் வெடிக்கும் ஓசையைக் கேட்டார்கள். சில நாள்களில் கட்டிகள் கண்முன்னே கரைந்து போயின.

எண் இருக்கிறதே, போதாதா?

நம் நாட்டில் ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு இருக்கிறது. 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் ஆபத்தானது. 2013 ஜூனில் மூவாரில் அது 746 வரை போனது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதே மாதம் சிங்கப்பூரின் குறியீடும் 401ஐத் தொட்டது. அந்த நாள்களில் எல்லாருடைய வாயிலும் அந்த எண்தான். புகைமூட்டம் கலைந்ததும் எண்ணையும் மறந்தோம்.

எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. குறிப்பிட்ட இடங்களில் உள்ள நிலையங்களில்தான் அது அளக்கப்படுகிறது. நம் வீட்டுப் பின்சந்தில் இரவில் எரியும் குப்பை அந்தக் கணக்கில் தெரியாமல் போகலாம். அங்கே இருப்பது நம் மூக்கு மட்டுமே.

மூக்குக்கும் எல்லை உண்டு. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு அவற்றை முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. வாடை இல்லை என்பதால் காற்று நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே எண்ணும் வேண்டும், மூக்கும் வேண்டும்.

ஜென்ஜாரோம் மக்களின் மூக்கு

இது வெளிநாட்டுக் கலைக்கூடத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. அந்தக் கழிவில் ஒரு பகுதி மலேசியாவை நோக்கித் திரும்பியது. சிலாங்கூர், கோல லங்காட் வட்டாரத்தின் ஜென்ஜாரோமில் உரிமம் இல்லாத பிளாஸ்டிக் ஆலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரியும் காட்டமான வாடையை முதலில் கவனித்தவர்கள் அங்குள்ள குடியிருப்பாளர்கள்தான். அவர்கள் பழகிப் போக மறுத்தார்கள். வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், புகார் கொடுத்தார்கள்.

செய்தி உலகம் முழுவதும் போனது. பல ஆலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் பிளாஸ்டிக் கழிவை அனுப்பிய நாடுகளுக்கே மலேசியா திருப்பி அனுப்பியிருந்தது.

தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் பல, இன்று நெடுஞ்சாலை ஓரத்திலும் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலும் உள்ள மலிவு விலை அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் வசிக்கின்றன. வாடகை குறைவு, வேலை பக்கம். அங்குள்ள காற்றுக்கு நாமும் நம் பிள்ளைகளும் பழகிக்கொண்டிருக்கிறோம். வாடையைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை என்றும், குறை சொன்னால் வேலைக்கு ஆபத்து என்றும் சிலர் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் இழப்பு நம் பிள்ளைகளின் மூச்சுக்குத்தான்.

கலை மட்டும் மாற்றிவிடுமா?

மாற்றிவிடாது. நோர்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கூடாரங்களுக்கு வந்த 2,600க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டார்கள். சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம், பார்த்த பிறகு சிறிதளவு கூடியிருந்தது. ஆனால் தங்கள் வாழ்க்கைமுறை எவ்வளவு மாசை உண்டாக்குகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க ஒரு வசதி கொடுத்தபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் அதிகமில்லை. உணர்வு எழுந்த கையோடு செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தால்தான் அது நிலைக்கும்.

அந்த வேலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கேட் மெக்லீன் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், நகரவாசிகளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, எங்கே என்ன வாடை என்று குறித்து வாடை வரைபடங்கள் தயாரிப்பவர். 2015இல் சிங்கப்பூருக்கும் அப்படி ஒன்றைச் செய்தார். இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு மணி நேரம் போதும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆசிரியரோடு பள்ளியைச் சுற்றி நடந்து இதைச் செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, ஆலய இளைஞர் பிரிவோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமானைச் சுற்றி வரலாம்.

வாடை வந்த நாள், நேரம், இடம், காற்று வீசிய திசை, யாருக்காவது இருமலோ கண் எரிச்சலோ இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். சுற்றுச்சூழல் துறையிடமோ நகராண்மைக் கழகத்திடமோ புகார் கொடுக்கப் போகும்போது, "எப்போதும் நாறுகிறது" என்று சொல்வதைவிட, மூன்று வாரக் குறிப்பைக் கையில் கொடுப்பது வலுவானது.

இன்னொன்று. வெளியூரிலிருந்து வரும் விருந்தாளி உங்கள் வாசலில் இறங்கியதும் மூக்கைச் சுளித்தால் கோபப்படாதீர்கள். என்ன வாடை என்று அவரிடமே கேளுங்கள். இன்னும் சில நிமிடங்களில் அவருக்கும் பழகிவிடும்.