சாவி வாங்கும் முன் முத்திரை

செங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், சத்தமில்லாத இடத்தில் ஓரறை அடுக்குமாடி வீடு கிடைத்தால் உடனே சாவியை வாங்கிவிடுகிறார்கள். வாடகை 1,000 வெள்ளி என்றால், வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று 3,500 வெள்ளி போய்விடும். பல வீடுகளில் அது அம்மா கட்டிய கூட்டுப் பணம்.

இவ்வளவும் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி கட்ட மட்டும் யோசிக்கிறோம்! ஓராண்டு ஒப்பந்தமென்றால், 2025 முதல் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. இங்கே 48 வெள்ளிதான். நகலுக்கு 10. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு முன்பணம் திரும்பி வராவிட்டால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

வாடகை பாக்கியென்று வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டப்படி, குடியிருப்பவரிடமிருந்து அவர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டை மீட்க முடியும்.