சக்கர நாற்காலிக் கூடைப்பந்து: ஒரு பெண்ணால் எவ்வளவு தூரம் போக முடியும்?

உங்கள் மகளோ தங்கையோ சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கூடைப்பந்து ஆட வேண்டும் என்கிறாள். உங்களுக்குச் சந்தேகங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது சலுகை காட்டி எளிதாக்கப்பட்ட ஆட்டமா? இல்லை. கூடை அதே 3.05 மீட்டர் உயரம், ஆடுகளமும் அதே அளவு. பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறைதான் தள்ளலாம். அதற்குள் பந்தைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது கைமாற்ற வேண்டும், அல்லது கூடைக்கு எறிய வேண்டும். எம்பிக் குதிக்க வழியில்லாததால், எறியும் விசை பெரும்பாலும் தோளிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் வர வேண்டும்.

"இவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லையே, அணியில் யார் சேர்ப்பார்கள்?" எல்லாப் பெற்றோரும் கேட்பது இதைத்தான். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதியே இதற்குப் பதில். வகைப்படுத்தல் (உடலை எவ்வளவு அசைக்க முடிகிறது என்று பார்த்துப் புள்ளி தருவது) என்று ஒரு முறை இருக்கிறது. முதுகை நிமிர்த்தித் தாங்கவே சிரமப்படுபவருக்கு 1 புள்ளி, மிகக் குறைந்த பாதிப்பு உள்ளவருக்கு 4.5. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. 4.5 புள்ளிக்காரர் இருவரை இறக்கினால் 9 போய்விடும். மிச்சம் மூவருக்கும் சேர்த்து 5தான். ஆக, 1 புள்ளிப் பெண்ணை ஓர் அணி இரக்கப்பட்டுச் சேர்ப்பதில்லை. குறைந்த புள்ளிக்காரர்கள் இல்லாமல் அணியே அமையாது.

அவள் களத்தில் என்ன செய்வாள்? எதிரணிக்காரரின் பாதையில் தன் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி, தன் அணியினருக்கு வழி திறந்துவிடுவாள். நாற்காலியோடு நாற்காலி மோதும், சில சமயம் கவிழும். வாரால் கட்டியிருப்பதால் ஆளும் நாற்காலியும் சேர்ந்தே விழுந்து, கையை ஊன்றிச் சேர்ந்தே எழ வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது உங்களுக்குப் பதறும். எழுவதும் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

நடக்கக்கூடியவரும் ஆடலாமா? ஜெர்மனியின் மரைக்கே மில்லர் முதலில் ஓடியாடிக் கூடைப்பந்து ஆடியவர். முழங்கால் தசைநார் மறுபடி மறுபடி கிழிந்ததால் சக்கர நாற்காலி ஆட்டத்துக்கு வந்தார். 4.5 புள்ளி வீராங்கனை. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் தங்கம், 2016 ரியோவில் வெள்ளி. டோக்கியோ தொடக்க விழாவில் தன் நாட்டுக் கொடியை ஏந்தியவர்களில் ஒருவர். ஆனால் ஓர் எச்சரிக்கை: டோக்கியோவுக்கு முன்பு 4, 4.5 புள்ளிக்காரர்களின் தகுதி மறுபடி சோதிக்கப்பட்டு, பல ஆண்டு ஆடிய சிலர் வெளியேற நேர்ந்தது. எனவே மருத்துவச் சான்றுகள் அத்தனையையும் பத்திரமாக வையுங்கள்.

பிழைப்புக்கு ஆகுமா? இதை மட்டும் நம்பி வாழ்பவர்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணி வைத்திருக்கின்றன; மில்லர் அப்படி விஸ்கான்சினில் படித்துக்கொண்டே ஆடியவர். ஜெர்மானிய லீக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் லீசல் டெஷ், 19 வயதில் மலைச் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடினார், ஊரில் ஆசிரியையாகவும் இருந்தார். கூடைப்பந்தில் மூன்று பாராலிம்பிக் பதக்கங்கள் வாங்கியபின் பாய்மரப் படகுக்கு மாறி இரண்டு தங்கம் வென்றார். 2017 முதல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்ற உறுப்பினர். ஆகவே ஆட்டத்துக்காகப் படிப்பை விட்டுவிட வேண்டாம்.

உடம்புக்கு எதில் கவனம் வேண்டும்? முதலில் தோள். ஆடுவதும் அதே கை, வீட்டில் கட்டிலுக்கு மாறுவதும் அதே கை. தோள் போனால் அன்றாடமே நின்றுவிடும். அதனால் லேசான வலியையும் பயிற்சியாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது தோல். உணர்வில்லாத இடத்தில் இறுக்கமான இருக்கை அழுத்தினால் புண் வருவதே தெரியாது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாவிட்டால் மறுநாள் பயிற்சி வேண்டாம்.

எங்கே தொடங்குவது? இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு சென்னையிலிருந்தே இயங்குகிறது. பக்கத்தில் எங்கே பயிற்சி நடக்கிறது என்று அங்கே கேளுங்கள். விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும், ஆளின் அளவுக்கே செய்வார்கள், விலை லட்சத்தைத் தாண்டவும் கூடும். எடுத்தவுடன் வாங்காதீர்கள். பயிற்சி இடத்து நாற்காலியில் சில மாதம் ஆடட்டும். புள்ளி முடிவானபின் அளவெடுங்கள், ஏனென்றால் இருக்கை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதும் அந்தப் புள்ளியைப் பொறுத்தது.