எலி காட்டிய பாடபேதம்

எலியை நெற்பெட்டியின் பகையென்றும் பிள்ளையாரின் ஊர்தியென்றும் மாத்திரமே நான் அறிந்திருந்தேன். பரம்பரை நோயொன்றின் இயல்பை எலியும் விளக்கிற்று என்பதைத் திருநெல்வேலியிலே, என் தமக்கையின் மகள் வாயிலாகவே கேட்டேன். தாயாரும் தமக்கையாரும் மார்புப் புற்றுநோயால் மறைந்தவர்கள். விதியென்று சொல்லி நான் அமைந்திருந்தேன். பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் பயிலும் மருமகள் அமையவில்லை.

கலத்தினுள்ளே இருக்கும் டி.என்.ஏ. நாள்தோறும் பழுதுறுவது, நாள்தோறும் செப்பனிடப்படுவது. ஈரிழையும் ஒருங்கே அறுந்தால் என் செய்வது? ஏடு பார்த்தவர்க்கு இது தெரிந்த சங்கடமே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். செல்லரித்த ஏட்டிலே விடுபட்ட எழுத்தை வேறு பிரதி நோக்கியன்றோ நிரப்புதல் வேண்டும்? கலமும் அதனையே செய்கின்றது. பிரியுமுன் தான் எடுத்து வைத்த படியைப் பார்த்து, அறுந்த இடத்தை எழுதிக்கொள்கின்றது. படியைத் தேடிப் பொருத்தும் புரதத்துக்கு ராட்51 என்று பெயர். அதனை அறுந்த இடத்துக்கு அழைத்து வந்து அமர்த்துவது பி.ஆர்.சி.ஏ.2 என்னும் பரம்பரையலகு ஆக்கும் புரதம்.

மனிதரில் இவ்வலகு 1995இலே இனங்காணப்பட்டது. அதன் தொழிலை அறிய எலி வேண்டியிருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே பயின்ற அசோக் வெங்கிட்டராமனும் கேம்பிரிட்ஜிலே அவருடன் உழைத்தோரும் 1998இலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலியின் பி.ஆர்.சி.ஏ.2 குறையுற்றவிடத்து, அதன் கலங்களிலே நிறமூர்த்தங்கள் தாமாகவே உடைந்து கிடந்தன. பிரதி பாராத பதிப்பாசிரியன் தோன்றியவாறு ஒட்டினால் நூல் என்னாகும்? (அத்தகைய பதிப்புகளையும் நான் கண்டதுண்டு, பெயர் சொல்லேன்.) அவ்வாறு பிழை மலிந்த கலமே புற்றாகின்றது.

அக்குறையே மருந்துக்கும் வழியாயிற்று. செப்பனிடும் மற்றொரு வழியையும் அடைத்துவிட்டால், பி.ஆர்.சி.ஏ.2 இழந்த கலம் பிழைக்கமாட்டாது என்பதை 2005இலே காட்டினர். அவ்வகை மருந்தாகிய ஒலாபரிப் 2014இலே சூலகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. தமக்கையார் மறைந்து அப்பொழுது மூன்றாண்டு.

மருமகள் இரத்தப் பரிசோதனைக்கு ஆயத்தமாகின்றாள். "துணிவாகப் போய் வா, பிள்ளை" என்றேன்.

"நீங்களும் வரவேணும், மாமா. ஆண்களிடத்தும் இந்தப் பிழை இருக்கும், பிள்ளைகளுக்கும் போகும்."

பெண்களின் நோயென்றே நான் இதுகாறும் எண்ணியிருந்தேன். எனக்கு இரண்டு பெண்மக்கள். மேல்வேட்டியை எடுத்துக்கொண்டு, என்றைக்குப் போகவேண்டும் என்று கேட்டேன்.